சைலன்சர் ரப்பர்: ரெண்டு தடவை தப்பா மாட்டின கதை

எங்க ப்ராஜெக்ட் கார் ஒரு பழைய மாருதி 800. கேம்பஸை விட்டு வெளியே போகாது, அதனால தைரியமா எக்ஸாஸ்ட் மொத்தத்தையும் நாங்களே பைப் வாங்கி, வெட்டி, வெல்ட் பண்ணினோம். பெண்டு எத்தனை டிகிரி, பைப் விட்டம் எவ்வளவு, மஃப்ளருக்குள்ள என்ன அடைக்கணும்னு மூணு வாரம் சண்டை போட்டோம். அதைக் காரோட அடியில எப்படித் தொங்கவிடறதுன்னு மட்டும் யாரும் யோசிக்கல. ஒரு எல்-ஆங்கிளை வெட்டி, ஒரு பக்கம் பைப்போட வெல்ட், மறுபக்கம் ஃப்ளோர்ல போல்ட். ஆட்டினா ஆடல. சூப்பர்னு நினைச்சோம்.

ரெண்டு வாரம் கழிச்சு, உள்ளே உட்கார்ந்து லேப்டாப்ல ரீடிங் எடுத்துட்டிருந்த ஜூனியர் தலைவலிக்குதுன்னு சொன்னான். வெயில்னு விட்டுட்டோம். மறுநாளும் அதே தலைவலி, கூடவே குமட்டல். லேப் அண்ணன்தான் ஓடி வந்து, "தம்பி, முதல்ல எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு வெளியே வாங்கடா" என்று கத்தினார். அடியில பார்த்தா, முன்பக்க ஃப்ளாஞ்ச் வெல்டுல பாதி சுற்றளவுக்கு விரிசல், அதைச் சுத்தி கரி படிஞ்ச கோடு. புகை கியர் லீவர் ஓட்டை வழியா உள்ளே ஏறியிருக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இன்னும் ஒரு மணி நேரம் கண்ணாடியை ஏத்திட்டு உட்கார்ந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நாங்க அதிகம் பேசிக்கறதில்ல.

வெல்டிங் மோசம்னுதான் முதல்ல பழி போட்டோம். ஆனா கணக்கு வேற சொல்லுச்சு. மைல்ட் ஸ்டீல் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 12 மைக்ரான் நீளும். எங்க பைப் 2.5 மீட்டர். சராசரியா 250 டிகிரி ஏறுதுன்னு வெச்சா 7.5 மி.மீ. நீளணும். எஸ்எஸ் 304-ல பண்ணியிருந்தா கிட்டத்தட்ட 11 மி.மீ. முன்னாடி எஞ்சின் பிடிச்சிருக்கு, நடுவுல எல்-ஆங்கிள் பிடிச்சிருக்கு, அப்போ அந்த நீளம் எங்கே போகும்? போதாததுக்கு இந்த எஞ்சின் குறுக்கா உட்கார்ந்திருக்கு. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் முன்னும் பின்னும் சாயும், பைப்பையும் சேர்த்து இழுக்கும். பாவம் அந்த வெல்டு, ரெண்டு வாரம் தாங்கினதே பெருசு.

ஹேங்கர் வேலை எடையைத் தாங்கறது மட்டும்தான். பைப் நகர்றதை அது தடுக்கவே கூடாது. இதைப் புரிஞ்சுக்கிட்டதும் ரப்பர் தேட ஆரம்பிச்சோம், அங்கேயும் ஒரு தப்பு. ஆன்லைன்ல செவப்பு கலர்ல பாலியூரித்தேன் ஹேங்கர் பார்த்தோம். கெட்டியா, கிழியாதுன்னு போட்டிருந்தது, பார்க்கவும் ரேஸ் கார் மாதிரி. வாங்கி மாட்டினோம். ஐடில்ல விட்டா கார் மொத்தமும் மிருதங்கம் மாதிரி அதிருது. வேகம் ஏத்தினா அதிர்வு குறையுது, ஐடிலுக்கு வந்தா திரும்ப ஆரம்பிக்குது.

மூணாவது வருஷம் வைப்ரேஷன் பேப்பர்ல மனப்பாடம் பண்ணினது அப்பத்தான் உறைச்சுது. மூணு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக், 900 ஆர்பிஎம். ஒரு சுத்துக்கு ஒன்றரை தடவை ஃபயரிங், ஆக 22.5 ஹெர்ட்ஸ். தொங்குற பொருளோட இயல்பு அதிர்வெண்ணுக்கு ஒரு குறுக்குவழி இருக்கு: எடையை மாட்டினதும் ரப்பர் எத்தனை மி.மீ. இறங்குதோ, அந்த எண்ணோட வர்க்கமூலத்தால 15.8-ஐ வகுத்தா ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஹாஸ்டல்ல இருந்து அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணு தூக்கிட்டு வந்தோம். தண்ணி நிரப்பினா சுமார் 5 கிலோ, எங்க பின்பக்க ஹேங்கர்ல விழற எடையும் அவ்வளவுதான். (மீன் தராசுல மாட்டி எடை பார்த்தோம், சிரிக்காதீங்க.) செவப்பு ஹேங்கர்ல கேனைத் தொங்கவிட்டு டயல் கேஜ் வெச்சா, இறக்கம் 0.5 மி.மீ. அதாவது 22.3 ஹெர்ட்ஸ். காசு கொடுத்து ரெசனன்ஸ் வாங்கியிருக்கோம்!

அதிர்வு குறைய ஆரம்பிக்கணும்னா எஞ்சினோட அதிர்வெண், இயல்பு அதிர்வெண்ணை விட ரூட் 2 மடங்காவது மேல இருக்கணும். மூணு சிலிண்டருக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. கிராங்க் சுத்துற வேகத்திலேயே, அதாவது 15 ஹெர்ட்ஸ்ல, எஞ்சின் முன்னும் பின்னும் தலையாட்டும். அதையும் சேர்த்துப் பார்த்தா இயல்பு அதிர்வெண் 10.6-க்குக் கீழே வரணும், அப்படின்னா ரப்பர் குறைஞ்சது 2.2 மி.மீ. இறங்கணும். ரப்பர் ஆடும்போது நிலையா இருக்கறதை விட கொஞ்சம் கெட்டியா நடந்துக்கும்ங்கறதால நாங்க 4 மி.மீ. குறி வெச்சோம்.

கடைசியில அது எங்கே கிடைச்சுது தெரியுமா? ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில, "சைலன்சர் ரப்பர்"னு கேட்டா எடுத்துக் கொடுக்கற சாதாரண கறுப்பு ரப்பர்தான். பெரும்பாலும் ஈபிடிஎம். 120 டிகிரி வரைக்கும் நல்லா தாங்கும், எண்ணெய் பட்டா மட்டும் உப்பும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பக்கத்துல மாட்டணும்னா சிலிகான் எடுக்கலாம், 200 டிகிரியும் தாங்கும். ஆனா ஒரு சின்ன வெட்டு விழுந்தா போதும், சரசரன்னு கிழிஞ்சிடும். அதனால மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவரால நெம்பாதீங்க, சோப்புத் தண்ணி தடவித் தள்ளுங்க. எங்க அனுபவத்துல, சூடு தாங்கற ரப்பரைத் தேடறதை விட கம்பியை நீளமா விட்டு ரப்பரை பைப்பை விட்டுத் தள்ளி வைக்கறது சுலபம்.

"சேஃப்டிக்கு இன்னும் ரெண்டு ஹேங்கர் கூட்டிடலாம்"னு டீம்ல ஒரு குரல் வந்துச்சு. உங்க டீம்லயும் வரும். ஒத்துக்காதீங்க. ஹேங்கர் கூடக் கூட ஒவ்வொண்ணு மேலயும் எடை குறையும், இறக்கம் குறையும், அதிர்வெண் ஏறி மறுபடி எஞ்சின்கிட்டயே போய் நிக்கும். எண்ணிக்கையை விட இடம்தான் முக்கியம். ரெண்டு முனையும் சும்மா இருக்கற ஒரே சீரான கம்பி முதல் தடவை வளைஞ்சு ஆடும்போது, முனையில இருந்து நீளத்துல 22.4 சதவீதத்துல ஆட்டமே இல்லாத புள்ளி இருக்கும். எக்ஸாஸ்ட் சீரான கம்பி இல்ல, மஃப்ளர் எடை அந்தப் புள்ளியை இழுத்துடும். அதனால பைப்பைக் கயித்துல தொங்கவிட்டு, ரப்பர் சுத்தியலால தட்டி, விரலால தடவிப் பார்த்தோம். விரல்ல கம்மியா கூசின இடத்துல சாக்பீஸ் கோடு. பெரிய கம்பெனிகள்ல இதையே சிமுலேஷன்ல பண்ணுவாங்க.

கம்பிக்கு 10 மி.மீ. ராடு போதும். அதை மஃப்ளர் தகட்டுல நேரா வெல்ட் பண்ணிடாதீங்க, தகடு கிழிஞ்சு கம்பி மட்டும் கையோட வரும். நடுவுல ஒரு சின்ன பட்டை வெச்சு, சுமையைப் பரப்பி விடணும். மேல் பக்கமும் அப்படித்தான், வெறும் ஃப்ளோர் தகட்டுல மாட்டாம மடிப்போ பெட்டியோ இருக்கற கெட்டியான இடம் பாருங்க. பள்ளத்துல விழுந்தா 5 கிலோ ஒரு நொடிக்கு 15 கிலோ மாதிரி இறங்கும், அதனால பைப்பைச் சுத்தி 20 மி.மீ. இடைவெளி விட்டோம். பிரேக் லைன் பக்கம் இன்னும் அதிகம். முன்னாடி ஒரு ஃப்ளெக்ஸ் பைப்பும் சேர்த்தோம், எஞ்சின் சாயறதை அது வாங்கிக்கும்.

மாட்டும்போது ரப்பரை நேரா நிக்க விடாம, கொஞ்சம் முன்பக்கமா சாய்ச்சு மாட்டினோம். பைப் சூடாகிப் பின்னாடி நீளும்போது அது நேராகணும். அரை மணி நேரம் ஓட்டி, அடியில படுத்து அளந்தா 6 மி.மீ. நகர்ந்திருந்தது. கணக்குல 7.5 வந்ததே என்று குழம்பினோம். வால் பக்கம் நாங்க நினைச்ச அளவுக்குச் சூடே ஆகலைன்னு தெர்மோகப்பிள் வெச்சப்புறம் தெரிஞ்சுது. ஃப்ளாஞ்ச்ல சோப்பு நுரை அடிச்சுப் பார்த்தோம், ஒரு குமிழிகூட வரல. ஜூனியர் மறுபடி உள்ளே ஏறினான், கண்ணாடியை இறக்கி விட்டுட்டுத்தான்.