எண்ணிக்கை இருக்கட்டும், பக்க எண் எங்கே?

அன்புத் தம்பிக்கு,

பொருண்மையியலாளர் ஐரீன் ஹைம் பற்றிய உங்கள் கட்டுரையில் மேற்கோள் அட்டவணை ஒரு முழுப் பக்கத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. எத்தனை கட்டுரைகள், எத்தனை மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ் எவ்வளவு, பொருண்மையியலாளர்களில் எத்தனையாவது இடம் எல்லாம் அதில் உண்டு. 1982-இல் ஆம்ஹெர்ஸ்டின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த ஆய்வேடு என்ன சொல்கிறது என்பதற்கு மட்டும் ஒரே பத்தி.

அந்தப் பத்தி அபாரம். தத்துவவாதி பீட்டர் கீச் 1962-இல் விவாதத்துக்குக் கொண்டுவந்த கழுதை வாக்கியம் தர்க்கவியலாளர்களை இருபது ஆண்டுகள் அலைக்கழித்தது. ஒரு கழுதையை வைத்திருக்கும் ஒவ்வொரு விவசாயியும் அதை அடிக்கிறார் என்றால், அந்த ‘ஒரு’ திடீரென எந்தக் கழுதைக்கும் பொருந்திவிடுகிறதே, எப்படி? கேட்பவர் மனத்தில் ஒரு கோப்பு இருக்கிறது, புதிய ஆள் வந்தால் புதிய அட்டை, பழைய ஆள் திரும்பினால் பழைய அட்டையில் கூடுதல் குறிப்பு என்று ஹைம் கொடுத்த விடையை நீங்கள் சொல்லியிருக்கும் தெளிவில் தமிழில் வேறு யாரும் சொல்லிப் படித்ததில்லை. அப்படியே எடுத்து வகுப்பில் வாசிக்கலாம். இப்படி எழுதத் தெரிந்த கைக்கு அட்டவணை எதற்கு?

எச்-இன்டெக்ஸ் 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் வகுத்தது. ஒருவருடைய எண் எச் ஆக வேண்டுமானால், அவருடைய எச் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது எச் முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே ஒருவர் நான்கே கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றையும் ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் அவருடைய எண் நான்குதான். ரிச்சர்ட் மாண்டேக்கை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். இன்றைய முறைசார் பொருண்மையியல் அவருடைய மூன்று கட்டுரைகளிலிருந்து கிளைத்தது. இரண்டு 1970-இல் வந்தன. மூன்றாவது 1973-இல் அச்சேறியபோது அவர் உயிரோடு இல்லை. 1971 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸில் கொல்லப்பட்டிருந்தார். வயது நாற்பது.

அந்த மூன்று கட்டுரைகளை மொழியியலாளர்களிடம் கொண்டுசேர்த்தவர் பார்பரா பார்ட்டீ. கலிஃபோர்னியாவில் மாண்டேக்கின் வகுப்புகளில் உட்கார்ந்தவர், 1972-இல் ஆம்ஹெர்ஸ்டுக்குப் போய் அங்கே ஒரு தலைமுறையையே பயிற்றுவித்தார். ஹைம் அவருடைய மாணவி. அதே காலத்தில், ஹைமுடன் தொடர்பில்லாமல், ஏறக்குறைய அதே விடையை 1981-இல் வெளியிட்ட ஹான்ஸ் காம்ப், மாண்டேக்கிடமே முனைவர் பட்டம் பெற்றவர். 2024-இல் ரோல்ஃப் ஷோக் பரிசு ஹைம், காம்ப் இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து வளர்ந்த இந்த வரலாறு எந்த அட்டவணைக்குள்ளும் வராது. உங்கள் கட்டுரையிலும் வரவில்லை.

இன்னொன்று, இதுதான் அதிகம் உறுத்தியது. ‘ஹைம் 1982’ என்று இடத்துக்கு இடம் அடைப்புக்குறி போட்டிருக்கிறீர்கள், ஒன்றில்கூடப் பக்க எண் இல்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஆய்வேடு அது. வாசகர் எங்கே போய்த் தேடுவார்? இரண்டாம் அத்தியாயத்தின் ஹைம் வேறு, மூன்றாம் அத்தியாயத்தின் ஹைம் வேறு. கோப்பும் அட்டையும் மூன்றாவதில்தான் வருகின்றன. மேலும் அதே ஆய்வேடு 1988-இல் கார்லண்ட் பதிப்பாகவும் வந்தது. பாதிப் பேர் 1982 என்கிறார்கள், பாதிப் பேர் 1988 என்கிறார்கள். நீங்கள் கூட்டிய எண்ணில் எது சேர்ந்தது, எது விட்டுப்போனது? படிக்காமலே பிறர் அடிக்குறிப்பிலிருந்து எடுத்து ஒட்டும் பழக்கம் பக்க எண் இல்லாத மேற்கோளில்தான் ஒளிந்துகொள்கிறது. நீங்கள் படித்திருக்கிறீர்கள், அந்தக் கழுதைப் பத்தியே சாட்சி. பிறகு ஏன் படிக்காதவரைப் போல எழுத வேண்டும்?

அந்த ஆய்வேட்டை ஆம்ஹெர்ஸ்டின் மாணவர் சங்கம்தான் பிரதியெடுத்து விநியோகித்தது. நகலின் நகலாக, ஓரங்களில் எழுத்து கருத்துப்போய், அது கைமாறிக்கொண்டிருந்தது. நம் பக்கம் ‘கரண்ட் கன்டென்ட்ஸ்’ என்ற இதழ்ப் பொருளடக்கப் பட்டியலைப் பார்த்து, ஆசிரியர் முகவரிக்கு அட்டை எழுதிப் போட்டுவிட்டு, கட்டுரைப் பிரதி கப்பலில் வரும்வரை காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. வந்த பிரதியை ஒரு வரி விடாமல் படித்தார்கள். வேறு பிரதி எப்போது வரும் என்று தெரியாது. அந்தப் பட்டியலையும், 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையையும் உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டே மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், பென்சில்வேனியா, 1961. எந்தக் கருத்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று தடம் பிடிக்கத்தான் அவர் மேற்கோள்களைத் தொகுத்தார். நீங்களும் அதற்கே அதைப் பயன்படுத்துங்கள்: ஹைமை மேற்கோள் காட்டிய ஐந்து கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றும் அவரிடமிருந்து எதை வாங்கியது, எதை மறுத்தது என்று எழுதுங்கள்.

அடுத்தது காம்ப் என்று கடைசி வரியில் அறிவித்திருக்கிறீர்கள். 1968-இல் அவர் எழுதிய ஆய்வேடு காலத்தின் தர்க்கம் பற்றியது. பிரெஞ்சு மொழியின் இரண்டு இறந்தகால வடிவங்கள் ஒரு கதைக்குள் எப்படி வேலை செய்கின்றன என்ற கேள்வியும் அவரை அந்த 1981 கோட்பாட்டுக்கு இட்டுச் சென்றது. அங்கிருந்து தொடங்குங்கள், பக்க எண்களோடு.

அன்புடன்.