ஓட்டிக் காட்டிய ரயில்



சரக்கைப் பூட்டி வைத்து விற்பதா, பிரித்துக் காட்டி விற்பதா என்பது நம் தொழிலில் பழைய கேள்வி. இதற்கான விடையை நான் ஒரு பொம்மை ரயிலிடம் கற்றுக்கொண்டேன்.

1969-இல் எனக்கு ஒன்பது வயது. அப்பாவுடன் தஞ்சாவூரிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் கும்பகோணம், மாயவரம் வழியாகச் சென்னை போனேன். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மளிகைச் சரக்குப் பேசி முடித்ததும், மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய பல்பொருள் கடைக்கு அழைத்துப் போனார். உள்ளே ஒரு மேசையில் வட்டமாகத் தண்டவாளம். அதன்மேல் சாவி கொடுத்த தகர ரயில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

எங்கள் மஞ்சள் பையைப் பார்த்ததுமே, இவர்கள் வாங்க மாட்டார்கள் என்று விற்பனையாளருக்குத் தெரிந்திருக்கும். விலை எங்கள் கணக்கப்பிள்ளையின் அரை மாதச் சம்பளம். இருந்தும் அவர், "தம்பி, நீயே சாவி கொடு" என்று எஞ்சினை என் கையில் தந்தார்.

ரயில் வாங்கவில்லை. ஆனால் அப்பா அதே கடையில் ஒரு குடை வாங்கினார். ஊர் திரும்பும்போது, "வாங்க மாட்டோம்னு தெரிஞ்சும் ஓட்டிக் காட்டினான் பாரு, அவன்தான்டா கடைக்காரன்" என்றார். அதன் பிறகு சென்னை போகும்போதெல்லாம் குடையோ டார்ச் விளக்கோ அந்தக் கடையில்தான் வாங்குவார்.

விளம்பரத்துக்குப் பிறந்த ரயில்

அமெரிக்காவில் பேர்பெற்ற 'லயனல்' பொம்மை ரயிலின் கதையும் இதையே சொல்கிறது. 1900-ஆம் ஆண்டு வாக்கில் நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் என்பவர், பேட்டரியில் ஓடும் சிறு வண்டி ஒன்றைச் செய்தார். குழந்தைகள் விளையாட அல்ல. கடை முகப்புக் கண்ணாடிக்குள் சரக்கை ஏற்றிக்கொண்டு வட்டமடித்து, தெருவில் போகிறவர்களை நிற்க வைப்பதற்காக. வந்தவர்களோ சரக்கை விட்டுவிட்டு, அந்த வண்டியையே விலைக்குக் கேட்டார்கள்! அப்படித்தான் ரயில் வியாபாரம் தொடங்கியது.

பிறகு அங்கேயுள்ள பெருங்கடைகள் கிறிஸ்துமஸ் காலத்தில் மலை, சுரங்கம், பாலம் எல்லாம் அமைத்து ரயில் ஓட்டிக் காட்டின. பிள்ளைகளோடு அப்பாக்களும் கூடி நின்றார்கள். 1950-களில் அந்த வியாபாரம் உச்சத்தில் இருந்தது. பின்னர் பிள்ளைகளின் கவனம் கார், விமானம், தொலைக்காட்சி என்று மாறியது. தள்ளுபடிக் கடைகள் பெருகின. அங்கே ஓட்டிக் காட்ட இடமும் இல்லை, ஆளும் இல்லை. 1959-இல் கோவன் தம் பங்கை விற்று விலகிவிட்டார்.

லண்டனில் 1760-இல் தொடங்கிய ஹேம்லீஸ் பொம்மைக் கடையிலோ, பணியாளர்கள் இன்றும் பொம்மைகளை இயக்கிக் காட்டித்தான் விற்கிறார்கள். 2019-இல் அதை வாங்கியது நம் நாட்டு ரிலையன்ஸ் நிறுவனம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையையே பாருங்கள். அலமாரியில் சும்மா இருந்தால் அது வெறும் மண் பொம்மை. கடைக்காரர் விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும், கையில் காசு தானாக வரும்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் நவராத்திரிக்காக, கொலுப் பூங்காவில் ஓட விடும் ரயில் பெட்டிகள் இரண்டு டஜன் எடுத்து, சில்லறைக்கும் வைத்தேன். பெட்டி கசங்கினால் விற்காதே என்று பயந்து, 'தொடாதீர்கள்' என்று அட்டை மாட்டினேன். கிராமத்திலிருந்து மாதச் சாமான் வாங்க வந்த ஓர் அம்மாவின் பையன் பெட்டியைத் தொட்டான். நான் அதட்டினேன். பையன் கையை இழுத்துக்கொண்டான். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் சாமான் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். பதினோரு வருஷ வாடிக்கை. பிறகு வரவே இல்லை.

அன்று இரவு அப்பாவின் குடை ஞாபகம் வந்தது. மறுநாள் அட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு பெட்டியைப் பிரித்து மேசையில் ஓட விட்டேன். மிச்சமிருந்த பெட்டிகள் நவமிக்கு முன்பே தீர்ந்தன. போன வாடிக்கைதான் திரும்பவில்லை.

நாம் செய்யத் தக்கவை

1. எந்தப் புதுச் சரக்கிலும் ஒன்றைப் பிரித்து வையுங்கள். அதன் விலையை விளம்பரச் செலவில் எழுதுங்கள்.

2. பொன்னி அரிசியை உள்ளங்கையில் கொட்டிக் காட்டுங்கள். ஒரு மணியைக் கடித்துப் பார்க்கட்டும். காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் இருந்தால் அதைக் கடைவாசல் பக்கம் வையுங்கள். ஒட்டிய பொட்டலத்தை மட்டும் விற்கும் கடையும், செல்பேசி வழி விற்பவரும் இதைச் செய்ய முடியாது.

3. பிள்ளைகளை விரட்டாதீர்கள். இன்று வேடிக்கை பார்க்கிற பிள்ளை நாளைக்குக் குடும்பத்தோடு வரும்.

4. பொம்மை விற்பவர்கள் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. கொள்முதல் செய்யும்போதே முத்திரையைப் பார்த்து, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

வரும் கொலுவுக்கு உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டடி இடம் ஒதுக்கி ஒரு ரயிலை ஓட விட்டுப் பாருங்கள். வாங்காத பிள்ளையிடமும் ஒரு முறை அதை ஓட்டக் கொடுங்கள். அந்த மாத மளிகைக் கணக்கை முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள்.