100 வாட்டா, 200 வாட்டா? பாட்டுக்கும் படத்துக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர்

மாணவர்களே, தீபாவளி விற்பனைக் காலத்தில் மின்சாதனக் கடைகளில் ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஒன்றில் 100 வாட் என்றிருக்கும், பக்கத்தில் இருப்பதில் 200 வாட். மினி காம்போ பெட்டி ஒன்றில் "3000 வாட் பி.எம்.பி.ஓ." என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் சேர்த்து ஒன்று வாங்கலாம் என்று அப்பா நினைக்கிறார். கூடுதலாகக் கொடுக்கும் ரிங்கிட்டுக்கு என்ன கிடைக்கும்? இதற்கு உங்கள் இயற்பியல் பாடமே பதில் சொல்லும்.

முதலில் அந்த 3000 வாட்டை ஒதுக்கிவிடுவோம். பெட்டியின் பின்பக்கச் சீட்டைப் பாருங்கள். "மின் நுகர்வு 60 வாட்" என்று சின்ன எழுத்தில் இருந்தால், 60 வாட் வாங்கும் கருவி தொடர்ந்து 3000 வாட் தர முடியுமா? சக்தியை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்று படித்தது தேர்வுக்கு மட்டுமல்ல. பி.எம்.பி.ஓ. என்பதற்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவீட்டு முறையே கிடையாது. நம்ப வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். அளவை மட்டும்.

அடுத்து நம் காது. திறன் இரு மடங்கானால் ஒலி அளவு 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். எனவே 100 வாட்டிலிருந்து 200 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 3 டெசிபல்தான். வித்தியாசம் தெரியும், ஆனால் வாயைப் பிளக்கும் அளவுக்கு இல்லை. வகுப்பில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை!

உங்கள் வீட்டுக்கு எத்தனை வாட் வேண்டும்? கணக்குப் போடுவோம். ஸ்பீக்கரின் குறிப்பேட்டில் "உணர்திறன் 87 டெசிபல்" என்று இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் 87 டெசிபல் வரும் என்று பொருள். திறந்தவெளியில் தொலைவு இரு மடங்கானால் 6 டெசிபல் குறையும். அறைச் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் வீட்டுக்குள் இழப்பு இதைவிடக் குறைவு. ஆனாலும் கெட்டதையே எண்ணிக் கணக்கிடுவோம். 2 மீட்டர் தள்ளி அமர்ந்தால் 1 வாட்டுக்கு 81 டெசிபல்.

வரவேற்பறையில் பாட்டுக் கேட்க சராசரி 75 டெசிபல் போதும். அது 81-ஐவிட 6 குறைவு, அதாவது கால் வாட்! ஆனால் பாட்டு ஒரே சீராகப் போவதில்லை. தவில் ஓர் அடி விழும்போது ஒலி சராசரியைவிட 20 டெசிபல்கூட எகிறலாம். அந்தக் கணத்துக்கு 95 டெசிபல் வேண்டும்; 81-லிருந்து 14 டெசிபல் ஏற்றம். 20 டெசிபல் என்றால் 100 மடங்கு, அதில் 6 குறைத்தால் நான்கால் வகுக்க வேண்டும். 25 வாட்.

படமோ வேறு கதை. திரையரங்கின் குறிப்பு ஒலி அளவில், இருக்கையில் ஒவ்வொரு முதன்மைச் சேனலின் உச்சமும் 105 டெசிபல் வரை போகும். அதே ஸ்பீக்கரில் அதே இடத்தில் இதற்கு 250 வாட் வேண்டும். பயப்பட வேண்டாம். வரிசை வீட்டில் அந்த அளவில் படம் ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். 10 டெசிபல் குறைத்து வைத்தால் மறுபடியும் 25 வாட்தான். தாழ்சுர ஒலிகளைத் தனியே ஆம்ப்ளிஃபயர் கொண்ட சப்வூஃபர் ஏற்றுக்கொண்டால் சுமை இன்னும் குறையும்.

அப்படியானால் எந்த மலிவுப் பெட்டியும் போதுமா? இல்லை. இங்கேதான் மின்னோட்டம் வருகிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தர ஏறக்குறைய 28 வோல்ட், 3.5 ஆம்பியர் தேவை. அதே 28 வோல்ட்டை 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் 7 ஆம்பியர் இழுக்கும். ஸ்பீக்கரின் மின்தடையோ அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். 8 ஓமில் 100 வாட், 4 ஓமில் 180 வாட் என்று போட்டிருக்கும் கருவியின் மின்வழங்கி பலமானது. 4 ஓம் பற்றி மூச்சே விடாத கருவியைச் சற்றுச் சந்தேகப்படுங்கள்.

ஏ.வி. ரிசீவர்களில் ஐந்து, ஏழு சேனல்கள் ஒரே மின்வழங்கியைப் பகிர்ந்துகொள்கின்றன. "சேனலுக்கு 100 வாட்" என்பது பெரும்பாலும் இரண்டு சேனல்களை மட்டும் இயக்கி அளந்தது. எல்லாம் ஒன்றாக முழங்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறையும். மின்வழங்கியின் வோல்ட்டுக்கு மேல் கேட்டால் அலையின் தலை தட்டையாக வெட்டப்படும். அதில் உருவாகும் உயர் அதிர்வெண்கள் ஸ்பீக்கரின் சிறிய ட்வீட்டரைச் சுட்டுவிடலாம். பெரிய ஆம்ப்ளிஃபயர்தான் ஸ்பீக்கரைக் கெடுக்கும் என்பார்கள். திணறும் சிறியதும் கெடுக்கும்.

பாட்டு, படம் இரண்டையும் விரும்பும் வீட்டுக்கு எனக்குப் பிடித்த வழி இது: "ப்ரீ-அவுட்" துளைகள் உள்ள ரிசீவர் ஒன்று, அதோடு இரண்டு சேனல் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று. முன்பக்க இடது, வலது ஸ்பீக்கர்களை ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இயக்கும். நடு, பின் ஸ்பீக்கர்களை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். பாட்டுக் கேட்கும்போது ரிசீவரை அணைத்தே வைக்கலாம். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் "ஹோம் தியேட்டர் பைபாஸ்" இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லையென்றால் இரண்டு ஒலிக் குமிழ்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். படத்தில் வெடிச்சத்தம் பெரிதாகவும், நடு ஸ்பீக்கரில் வரும் வசனம் சிறிதாகவும் கேட்கும். இணைத்த பிறகு ரிசீவரோடு வரும் மைக்கைக் கொண்டு சேனல் அளவுகளை மீண்டும் சரிசெய்வது அவசியம்.

வெப்பத்தையும் மறக்காதீர்கள். 100 வாட் வெளியிடும்போது 60 விழுக்காடு திறமை உள்ள கருவி 67 வாட்டை வெப்பமாகக் கக்கும்; 90 விழுக்காடு உள்ள "டி" வகுப்புக் கருவி 11 வாட்தான். நம் ஊர் வெயிலில், மூடிய டிவி அலமாரிக்குள், இது சின்ன விஷயமில்லை.

இன்னொன்று காது. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்வரை பாதுகாப்பானது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்; சிறுவர்களுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல்தான்.

இப்போது நீங்கள் போட ஒரு கணக்கு. ஸ்பீக்கரின் உணர்திறன் 90 டெசிபல், இருக்கை 4 மீட்டர் தொலைவில், உச்சம் 95 டெசிபல் வேண்டும். எத்தனை வாட்? 50 வந்தால் சரி. பிறகு உங்கள் வீட்டு ஸ்பீக்கரின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கடைக்குப் போவதற்கு முன்பே அப்பாவிடம் காட்டிவிடுங்கள்.