இருபத்தொன்பது இலக்க எண்

ஆசாரிய நேமிச்சந்திர சித்தாந்த சக்கரவர்த்தி கி.பி. 10-ஆம் நூற்றாண்டில் அருளிய கோம்மடசாரத்தின் ஜீவகாண்டம், பரியாப்த மனிதர்களின் தொகையை ஒரு காதையில் எழுத்துகளாலேயே உரைக்கின்றது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு. அவற்றை ஒன்றின் இடத்திலிருந்து முறையே இட்டால் 29 இலக்கங்கள் கிடைக்கும்:

79,228,162,514,264,337,593,543,950,336

இது நாமறிந்த நிலப்பரப்பின் மக்கள்தொகை அன்று. இரண்டரைத் தீவு முழுமைக்கும் ஆகமம் கூறும் அளவாகும்.

ஏடு எழுதுவோர் ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் இத்தொகை என்னாவது? அதற்கும் காவல் உண்டு. இதே எண் ‘ஐந்தாம் வர்க்கத்தின் கனம்’ என்றும் ஜீவகாண்டத்தில் கூறப்பட்டுள்ளது. 2-ஐ அதனாலேயே பெருக்கினால் 4. இது முதல் வர்க்கம். இவ்வாறே தொடர்ந்தால் 16, 256, 65,536 என வளர்ந்து, ஐந்தாம் வர்க்கம் 4,294,967,296 ஆகும். இதனை மும்முறை இட்டுப் பெருக்கினால் நம் எண் வந்துவிடும். இரண்டிரண்டாகப் பெருக்கிச் சென்றால் 95 பெருக்கல்கள் வேண்டும். இவ்வழியில் ஏழே போதும்.

ஓர் எண்ணை 1 வரும்வரை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதை ‘அர்த்தச்சேதம்’ என்பர். வீரசேனாசாரியர் கி.பி. 816-இல் நிறைவு செய்த தவளா உரையில் இக்கணிதம் விரிவாக ஆளப்பட்டுள்ளது. எண்களைப் பெருக்கும்போது அவற்றின் அர்த்தச்சேதங்களைக் கூட்டினால் போதும். ஐந்தாம் வர்க்கத்தின் அர்த்தச்சேதம் 32. எனவே அதன் கனத்திற்கு 32+32+32=96. இன்று பள்ளியில் மடக்கை என்று பயிலும் விதியும் இதுவே. ஐரோப்பாவில் நேப்பியர் மடக்கை அட்டவணையை வெளியிட்டது 1614-இல்.

பிழை காணும் வழி ஒன்றையும் காண்போம். 29 இலக்கங்களையும் கூட்டினால் 127. அதனை 9-ஆல் வகுக்க மீதி 1. இனி, இரண்டை ஆறு முறை இட்டுப் பெருக்கினால் 64. அதனை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1. 96 என்பது பதினாறு ஆறுகள். ஆதலின் முழு எண்ணுக்கும் மீதி 1 ஆகவே இருத்தல் வேண்டும். இரண்டும் பொருந்துகின்றன. ஓர் இலக்கம் மாறியிருந்தால், 0-வும் 9-உம் தம்முள் மாறியதொன்று நீங்கலாக, இச்சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

பெற்றோர் தம் மக்களைத் தாளும் எழுதுகோலுமாக அமர்த்தி இக்கணக்கைச் செய்விக்க வேண்டுகிறோம். ஆகமத்தில் பெரிய எண்ணைக் கண்டதும் கைகூப்பிக் கடந்துவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. முன்னோர் அதனை வணங்குவதற்கு மட்டுமன்றிக் கணக்கிட்டு அறிவதற்கும் வைத்துச் சென்றனர்.

கணக்கை முடித்தபின் ஓர் உண்மை தானே விளங்கும். இத்தனை பெரிதாயினும் இவ்வெண் சங்கியாதமே, எண்ணி முடிக்கத்தக்கதே. ஜீவராசிகளோ அனந்தம். அவற்றுள் மனிதப் பிறவி எவ்வளவு அரிது என்பதை இதனினும் தெளிவாக உரைக்க இயலுமோ?