கொடியேற்றத்தன்று நடந்து போங்கள்

ஆகஸ்ட் 29 மாலை பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி கோயிலில் கொடி ஏறும். மாதாவின் பிறந்தநாளான செப்டம்பர் 8 வரை திருவிழா. நான் மயிலாப்பூர்க்காரி, கபாலீசுவரர் கோயிலின் அறுபத்துமூவர் விழாக் கூட்டத்தில் வளர்ந்தவள். கத்தோலிக்கத் தோழி ஒருத்தியின் குடும்பத்தோடு இந்த விழாவுக்குப் போய்வருகிறேன். முதல்முறை போகிறவர்களுக்காக, நான் கற்றுக்கொண்டவை இவை.

கோயிலைவிடச் சாலைதான் முக்கியம். 1972-இல் கட்டப்பட்ட கோயில் இது. ஆனால் விழாவின் உயிர் இருப்பது அங்கே போய்ச் சேரும் வழிகளில்தான். கொடியேற்றத்தன்று நகரின் பல மூலைகளிலிருந்தும் காவி உடுத்தி, ஜெபமாலையோடு, வெறுங்காலில் நடந்து வருவார்கள். மாதா சொரூபம் வைத்த சின்னச் சப்பரங்களை இழுத்து வரும் குழுக்களும் உண்டு. அடையாறிலிருந்தாவது அவர்களோடு சேர்ந்து நடங்கள். "மரியே வாழ்க" என்று ஒரு வரிசை குரல் கொடுக்க, பின்வரிசை ஏற்றுச் சொல்லும்போது கால்வலி மறந்துபோகும். வண்டியை எடுத்துப் போகவே வேண்டாம். அன்று போக்குவரத்தைத் திருப்பி விடுவார்கள். திரும்பும்போது திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையம் வரை நடந்துவிடுவது நல்லது.

எந்த நாள் எதற்கு? கூட்டத்தின் எழுச்சியைப் பார்க்கக் கொடியேற்றம். தேரைப் பார்க்க செப்டம்பர் 7 மாலை. மனம்விட்டு வேண்டிக்கொள்ள என்றால், இடையில் வரும் ஒரு வேலைநாளின் காலைத் திருப்பலி. சத்தம் அடங்கிய அந்த நேரத்தில்தான் எனக்கு இந்த விழா நெருக்கமானது.

திருப்பலியில் கலந்துகொள்ளலாமா? தாராளமாக. எல்லோரும் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். நற்கருணை மட்டும் கத்தோலிக்கர்களுக்கு உரியது. அந்த நேரத்தில் இருந்த இடத்திலேயே கைகூப்பி நில்லுங்கள். முழந்தாளிட்டு அழுகிறவர்களை நோக்கி செல்போனை நீட்டாதீர்கள். அவர்கள் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நேர்த்திக்கடனைக் கவனியுங்கள். மெழுகுவத்தி, பூமாலையோடு வீடு, தொட்டில், கை, கால் உருவங்களையும் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். இந்த வழக்கம் இங்கே மட்டும் இல்லை. ஆண்டிஸ் மலைநாடான பொலிவியாவில், கொச்சபம்பாவை அடுத்த கில்யகோயோ ஊரில், ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி உர்குபின்யா மாதா விழா நடக்கிறது. அங்கேயும் குட்டி வீடும் குட்டிக் காரும் வாங்கி மந்திரித்துக்கொள்கிறார்கள்; நிஜமானது கைகூடும் என்ற நம்பிக்கை. சொந்த வீடு, பிள்ளைப்பேறு, உடல்நலம் என்று மனிதர் தாயிடம் கேட்பவை கண்டம் தாண்டியும் மாறுவதில்லை. காணிக்கைத் தட்டில் ஒரு தொட்டிலைப் பார்த்தால், அதைக் கொண்டுவந்தவருக்காக நீங்களும் ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.

கையோடு என்ன? தண்ணீர் பாட்டில், மழைக்கு ஒரு குடை, கொஞ்சம் சில்லறை. நகை வேண்டாம். குழந்தையின் சட்டைப்பையில் பெற்றோரின் போன் எண் எழுதிய சீட்டு கட்டாயம். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள். 'மாதா கோயில் வாசல்' என்றால் ஆயிரம் பேர் நிற்பார்கள். பஸ் டெர்மினஸ் போலச் சற்றுத் தள்ளிய இடமாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, கொடுங்கள். நடப்பவர்களுக்குத் தண்ணீரும் மோரும் நீட்டும் கைகள் வழியெங்கும் உண்டு. அறுபத்துமூவருக்கு எங்கள் மாடவீதிகளில் நீர்மோர்ப் பந்தல் போடுவது எந்த மனசோ, அதே மனசுதான் இது. வாங்கிக் குடிப்பதோடு நிறுத்த வேண்டாம். நடந்து வருகிறவர்களின் வழியில் உங்கள் வீடு இருந்தால், இந்த ஆகஸ்ட் 29 அன்று வாசலில் ஒரு பானைத் தண்ணீரும் டம்ளரும் வையுங்கள். விழாவுக்குள் நுழைய அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.