கடைமாணாக்கன் யாவன்?

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேர்ந்த முதலாண்டிலே எமக்குப் பாடமாக வந்த நூல்களுள் நன்னூலும் ஒன்று. அதன் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகையாகப் பிரித்து, எட்டு உவமைகளால் விளக்குகின்றார். நீரை நீக்கிப் பாலை உண்ணும் அன்னமும், வயிறார மேய்ந்து பின்னர் அமர்ந்து அசைபோடும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. உழவன் முயற்சிக்குத் தக்கவாறு விளையும் நிலமும், கற்பித்ததை மட்டுமே சொல்லும் கிளியும் இடைமாணாக்கர்க்கு உவமை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய நான்கும் கடைமாணாக்கர்க்கு உவமை. இப்பகுதியைப் பாடங்கேட்ட அன்று மாலை விடுதியில் எம் தோழர்கள் ஒருவரையொருவர் அன்னமென்றும் எருமையென்றும் பெயரிட்டழைத்து நகைத்தனர். எமக்கு நெய்யரி என்னும் பட்டம் கிடைத்தது. அதன் காரணத்தை ஈண்டு விரித்தல் வேண்டா. யாமும் உடன் நகைத்தோம்.

அந்நகை சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எம்மைவிட்டு நீங்கிற்று. எம் ஊர் காஞ்சிபுரம். விடுமுறை நாட்களில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் பிள்ளைகள் சிலர்க்கு மாலைதோறும் ஒரு மணி நேரம் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுப்பது எமக்கும் எம் தம்பிக்கும் வழக்கம். இம்முறை வந்தவருள் ஒன்பது வயதுடைய சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் ஓரிடத்தில் இரான். கணக்கில் இரண்டாம் வரியை எழுதும்போதே அடுத்தவனுடைய பென்சிலைக் கூர்செய்யப் போய்விடுவான். வினாவை யாம் முடிக்குமுன் விடை கூறுவான். அவ்விடை சிலவேளை சரியாகவும் இருக்கும். முந்திய நாள் பிழையின்றி எழுதிய சொல்லை மறுநாள் மறந்து நிற்பான். மூன்றாம் நாள் யாம் பொறுமையிழந்து, எல்லாப் பிள்ளைகளும் கேட்க, ‘நீ நன்னூல் கூறிய ஆடு’ என்று சொல்லிவிட்டோம். நன்னூல் இன்னதென்று அறியாத பிள்ளைகளுக்கும் ஆடு இன்னதென்று தெரியுமன்றோ? மறுநாள் தெருவெங்கும் அதுவே அவன் பெயராயிற்று. இரண்டு நாள் அவன் வகுப்பிற்கு வரவில்லை.

மூன்றாம் நாள் யாமே அவன் வீட்டிற்குச் சென்றோம். அவன் தந்தையார் தறிக்குழியில் அமர்ந்திருந்தார். சிறுவன் அவர் அருகே இருந்து கரை நாடாவை வீசிக்கொண்டிருந்தான். ‘தம்பி, இவனுக்குப் படிப்பு ஏறாது. பள்ளிக்கூடத்திலும் இதையேதான் சொல்கிறார்கள். தறியிலே உட்கார வைத்தால் கை ஓடுகிறது, பாருங்கள். அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்’ என்றார் அவர். அவர் கூறியதில் பொய் இல்லை. கை ஓடத்தான் செய்தது. எமக்கு மறுமொழி தோன்றாமையால் வீடு திரும்பி, தொடக்கப்பள்ளி ஆசிரியையாகிய எம் அத்தையாரிடம் நிகழ்ந்ததைக் கூறினோம். அவர் முதலில் எம்மைக் கடிந்துகொண்டார். பின்னர்ச் சொன்னவையும், அவற்றைத் தொடர்ந்து யாம் படித்தறிந்தவையுமே இக்கட்டுரைக்குப் பொருள்.

மருத்துவர் இந்நிலையைக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்பர், ஏ.டி.ஹெச்.டி. என்னும் சுருக்கப் பெயர் இன்று பலரும் கேட்டது. இது நேற்றுத் தோன்றிய புதுமையன்று. 1798ஆம் ஆண்டிலேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் மனம் ஒன்றில் நிலைகொள்ளாமையைப் பற்றி எழுதினார். 1902ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டில் என்பார் இலண்டன் மருத்துவர் கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், அறிவிற் குறையாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத பிள்ளைகளைப் பற்றி விரித்துரைத்தார். இக்காலத்து மருத்துவ நூல் விதிக்கும் வரம்புகளுள் மூன்றை ஆசிரியர் அனைவரும் அறிந்திருத்தல் நலம். அறிகுறிகள் 12 வயதிற்கு முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும். ஆறு மாதமேனும் நீடித்திருத்தல் வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலேனும் காணப்படுதல் வேண்டும். ஒரே ஓர் ஆசிரியரின் வகுப்பில் மட்டும் துள்ளும் பிள்ளையிடம் குறை காணுமுன், அவ்வாசிரியர் தம் பாடத்தையும் சற்றே ஆராய்தல் தகும்.

இது பெரும்பாலும் பிறப்பொடு வருவது, குடிவழியிலும் தொடர்வது. தாயின் செல்லத்தாலோ தந்தையின் கண்டிப்பின்மையாலோ விளைவதன்று. உலகில் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஐவர்க்கு இஃது உண்டென்பர். நம் மாநிலத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்துப் பள்ளிகள் நான்கில் 770 பிள்ளைகளை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வோ நூற்றுக்குப் பதினொருவர்க்கு மேல் எனக் கண்டது. குறைந்த கணக்கையே கொண்டாலும், நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில் இருவர் இருப்பர். அவ்விருவரும் துள்ளுபவராகத்தான் இருப்பர் என்பதும் இல்லை. அசையாது அமர்ந்து, கண் பலகையிலும் மனம் வேறெங்கோவுமாக இருக்கும் பிள்ளையும் இவ்வகையினதே. பெண்பிள்ளைகளிடம் இவ்வகை மிகுதி. அவர்களால் வகுப்பிற்குத் தொல்லை இன்மையின் அவர்களை எவரும் காண்பதில்லை.

இனித் தறியின் செய்திக்கு வருவோம். காஞ்சிப் பட்டின் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். உடலுக்கு ஒன்றும் இருபுறக் கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓட, அவற்றின் ஊடைநூல்கள் சேருமிடத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நெசவாளர் ஒருவரால் இதனை எளிதிற் செய்தல் இயலாது. ஒருபுறக் கரையின் நாடாவை வீசத் துணையொருவர் வேண்டும். பண்டு அத்துணைவர் பெரும்பாலும் சிறுவரே. தறியில் நிலைக்கும் கவனம் ஏட்டில் ஏன் நிலைக்கவில்லை, இது சோம்பலும் பாசாங்கும் அன்றி வேறென்ன என்று கேட்பார் உளர். யாமும் அவ்வாறே எண்ணினோம். உண்மை யாதெனில், இப்பிள்ளைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. அது அவர்கள் ஏவியவழி நிற்பதில்லை. வேலை சிறிதாய், பயன் உடனே கண்ணிற்குத் தெரிவதாய், கைகால்கள் இயங்குவதாய், அருகே ஒருவர் ஓயாது நோக்குவதாய் இருப்பின் அது நிற்கும். தறியில் இந்நான்கும் உள. முப்பது வரிப் பாடத்தைத் தனியே அமர்ந்து படி என்னும்போது நான்கில் ஒன்றும் இல்லை.

எனின், பிள்ளையைத் தறிக்கே விட்டுவிடலாமோ? நாடா வீசும் கை எழுத்தையும் கற்றிருந்தால் அவன் பின்னர்த் தறியைத் தெரிந்துகொள்ளலாம், வேறு தொழிலையும் தெரிந்துகொள்ளலாம். எழுத்தில்லாதவனுக்குத் தெரிவு என்பதே இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளை ஒவ்வொன்றிற்கும் பள்ளியை உரிமையாக்கிற்று. 2016ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதிற்குட்பட்டோரை வேலைக்கமர்த்துதலை விலக்கியபோதும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதை விட்டுவைத்தது. நெசவாளர் தெருவில் அவ்வாயில் எந்நேரமும் திறந்திருக்கின்றது. படிப்பு ஏறாது என்று பள்ளி சொல்லும் பிள்ளையே முதலில் அதன்வழிச் செல்கின்றான்.

வகுப்பறையிற் செய்யத்தக்கவை அரியன அல்ல. அத்தையார் கூறியவாறு, பிள்ளையை வாயிலையும் சாளரத்தையும் விட்டு நீக்கி, ஆசிரியர்க்கு அருகே, அமைந்த இயல்புடைய தோழன் பக்கத்தில் அமர்த்தினோம். கட்டளை ஒருமுறைக்கு ஒன்றே. அதனையும் அவன் கண்ணை நோக்கிச் சொல்லி, திருப்பிச் சொல்லச் செய்தோம். பத்துக் கணக்குகளை ஒருசேரக் கொடாது, இரண்டு கொடுத்து, பார்த்து, நன்று என்று அப்பொழுதே கூறி, மேலும் இரண்டு கொடுத்தோம். நடுவே எழுந்து பலகையைத் துடைத்தலும் சுண்ணக்கட்டி கொணர்தலும் அவனுக்கே உரிய பணிகளாயின. எழுந்து நடக்கத்தான் போகின்றான் என்னும்போது அந்நடைக்கு ஒரு காரணத்தை நாமே கொடுத்துவிடுதல் நன்றன்றோ? பிழை செய்யின் அருகே சென்று மெல்லக் கூறுதல் வேண்டும். விளையாட்டு நேரத்தைப் பறித்தல் மட்டும் ஒருபோதும் ஆகாது. ஓட்டம் யாவரினும் அவனுக்கே மிகுதியும் வேண்டுவது.

நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஒருவனுக்காக இவ்வளவும் செய்யலாமோ என்பர். இவற்றுட் பெரும்பாலன நாற்பதின்மர்க்கும் பயன்படுவனவே. 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் பாயில் அமர்ந்தும், எழுந்து சென்று தாமே அட்டையெடுத்தும், தம் உயரத்திற்கமைந்த கரும்பலகையில் எழுதியும் கற்றனர். ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் ஏணிப்படியில் ஏறினர். நடமாட்டம் குற்றமாகாத வகுப்பறை அது. எனினும், அடிக்கடி வந்து நோக்குவார் இல்லாவிடில் இப்பிள்ளை ஓரட்டையிலேயே நாள் முழுதும் நின்றுவிடக்கூடும் என்பதையும் மறைத்தல் ஆகாது. 2022ஆம் ஆண்டில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டது. ஓட்டைக் குடத்தினும் இப்பெயர்கள் நல்லன.

நன்னூலைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. ஒருவரிடம் நிரம்பக் கல்லாது பலரிடம் அலைவானையே ஆடு என்று உரையாசிரியர் கொள்வர். எம் பிள்ளைமேல் அப்பெயரை ஏற்றியது எம் பிழை. ஆயினும் நோயாளியும் மந்த அறிவினனும் கற்பிக்கத் தகாதவர் வரிசையில் அப்பாயிரத்தில் நிற்கின்றனர் என்பதும் உண்மை. கல்வி சிலர்க்கே உரியதாயிருந்த காலத்தின் விதி அது. இன்று நமக்கு ஆகாது. அதே பாயிரம் ஆசிரியனுக்கு உரைப்பதோ இன்றும் ஆகும். விரையாது, சினவாது, மலர்ந்த முகத்துடன், கொள்பவன் எவ்வாறு கொள்வான் என்றறிந்து அவன் உள்ளம் ஏற்குமாறு கொடுத்தல் வேண்டும் என்பது அது. மாணாக்கனை அளக்கும் பகுதியை மனப்பாடம் செய்து, எம்மை அளக்கும் பகுதியைத் தேர்வு முடிந்ததும் மறந்த எம்மைவிட ஓட்டைக் குடம் வேறு எது?

அச்சிறுவனுக்கு இக்குறைபாடு உண்டென யாம் துணிந்து கூறவில்லை. அதனைத் துணிதல் மருத்துவர்க்கே உரியது. மருந்து வேண்டுமா என்பதும் அவர் கூறவேண்டுவதே. பள்ளிப் பிள்ளைகளை ஆராய 2013ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் இக்குறைபாடு பெயர் சுட்டி இடம்பெற்றுள்ளது. ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எண்ணும் இருபத்தொரு வகைகளுள் இதற்குத் தனியிடம் இல்லை. ஆகவே தேர்வில் மிகை நேரம் முதலிய சலுகைகளைக் கேட்கும் பெற்றோர்க்கு வழி எளிதன்று. கல்லூரியிற் பயிலும் நம்மிடையேயும் இவ்வியல்பினர் இருப்பர். எவரும் அறியாதவாறு இருப்பர்.

விடுமுறை முடியுமுன் சிறுவனின் தந்தையாரை மீண்டும் கண்டோம். அவனது கணக்குப் புத்தகத்தைக் காட்டினோம். நெடுநேரம் புரட்டிப் பார்த்து, ‘இது இவன் எழுதியதுதானா, தம்பி?’ என்று இருமுறை கேட்டார். அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டுவதாகவும், அதுவரை பள்ளியை நிறுத்துவதில்லை என்றும் சொன்னார். மாலை வகுப்பை இப்பொழுது எம் தம்பி ஞாயிறுதோறும் நடத்துகின்றான். சிறுவன் தவறாது வருவதாகவும், பிற பிள்ளைகள் அவனை இன்னும் ஆடு என்றே அழைப்பதாகவும் சென்ற வாரம் தெரிவித்தான்.