அம்பாசடர் டிஃபரன்ஷியலை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: எங்கள் பழைய அம்பாசடரின் டிஃபரன்ஷியல் உறுமுகிறது. வேறொன்று கிடைத்திருக்கிறது. வீட்டிலேயே மாட்டலாமா?
— வாசகர், திருவையாறு

பதில்: மாட்டலாம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த இந்த வண்டியில் கிரவுனும் பினியனும் சேர்ந்தாற்போல ஹவுசிங்கின் முன்பக்கமாக வெளியே வந்துவிடும். ஆக்சிலை இறக்க வேண்டியதில்லை.

2014-இல் அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டதால் கிடைப்பது பெரும்பாலும் கழற்றிய சாமான்தான். அதனால் முதல் வேலை பல் எண்ணுவது. கிரவுனில் 41, பினியனில் 9 என்றால் விகிதம் சுமார் 4.56. பழையதிலும் அதே கணக்கு வர வேண்டும். மாறினால் இழுவை மாறும், ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும்.

ஈர வண்டல் மண்ணில் ஜாக்கி புதையும். சிமென்ட் களமே உத்தமம். ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தினால்தான் பின் டிரம் கழலும் என்பதால் முன்சக்கரங்களுக்குக் கட்டை, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு அவசியம். ஆயிலை வடித்து, இரண்டு ஆக்சில் ஷாஃப்டையும் உருவி, புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிரித்த பிறகே ஹவுசிங் நட்டுகளில் கைவைக்க வேண்டும். கனமான உருப்படி; துணைக்கு ஆள் வேண்டும்.

வடித்த ஆயில் பால்போல் வெளுத்திருந்தால், வாய்க்கால் தண்ணீரோ மழைவெள்ளமோ உள்ளே புகுந்திருக்கிறது.

மாட்டும்போது புது கேஸ்கட்டும், 90 கிரேடு ஹைப்பாய்டு கியர் ஆயிலும் போட வேண்டும். பினியன் ஷிம்மை மட்டும் வீட்டில் தொடக் கூடாது. அது டயல் கேஜ் வைத்திருக்கும் பட்டறையின் வேலை.